இரண்டரை நாள் கடல், இரண்டரை நாள் கல்

டிப்போவில் அவளுக்குச் சார்ட்டம்மா என்று பெயர். நூற்றுப் பன்னிரண்டு டிரைவர்கள், அதே அளவு கண்டக்டர்கள். யார் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், யாருக்கு என்றைக்கு ஓய்வு என்பதையெல்லாம் பெரிய கோடு போட்ட தாளில் எழுதி, முந்தின நாள் நாலு மணிக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பேனாவால் எழுத மாட்டாள். பென்சில்தான். மூன்று மணிக்கு எழுதியது மூன்றரைக்கு மாறிவிடும். வீட்டுக்குப் போகும்போது மடியில் எப்போதும் ரப்பர் தூள் இருக்கும்.

அவள் அறைக்குப் பக்கத்தில்தான் பஸ் கழுவும் இடம். ஜன்னலைத் திறந்தால் சார்ட் நனையும். அதனால் வெயிலோ புழுக்கமோ, ஜன்னல் மூடியே இருக்கும். அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து, தாளில் இல்லாத பல விஷயங்களையும் அவள் மண்டைக்குள் வைத்திருந்தாள். எண்பத்தேழாம் நம்பர் டிரைவரின் மனைவிக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அந்த நாட்களில் அவரைக் காலை வண்டியில்தான் போட வேண்டும். ஒரு டிரைவரும் ஒரு கண்டக்டரும் சம்பந்திகள், கல்யாணத்துக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தெரியாமல் இருவரையும் ஒரே வண்டியில் போட்டால், விசில் அடிக்காமலே ஒருவர் நிற்பார், விசில் அடிக்கட்டும் என்று மற்றவர் நிற்பார், வண்டி நகராது. இதெல்லாம் வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவளுக்கு லீவும் கிடைப்பதில்லை. பதினொரு வருஷத்தில் கல்யாணம், சாவு தவிர அவள் ஊரைத் தாண்டியதில்லை.

அந்த வருஷம் அவளுடைய அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. அக்கா தையல்காரி, முப்பது வருஷமாக மெஷின் மிதித்த கால். ஆபரேஷன் முடிந்து தங்கை வீட்டில் வந்து படுத்திருந்தவள், ஒருநாள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கயும் போக வேணாம். எதையும் பாக்க வேணாம். கடல் தண்ணியில காலை விட்டுக்கிட்டு நாலு நாள் உக்காந்திருந்தா போதும் எனக்கு."

"கடலா?" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

சார்ட்டம்மாவின் கணவர் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். சாது. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. எப்போதோ அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பத்திரிகையில், கடலோரமாக இடிந்து கிடக்கும் துறைமுகப் பட்டினம் ஒன்றின் வரைபடம் கிடைத்தது. தானியக் கிடங்கு, குளியல் தொட்டிகள், ஒன்பது தெரு, ஒரு காவல் கோபுரம். அன்றிலிருந்து அந்த ஊரைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும், மாணவர்கள் விட்டுப்போன ரெக்கார்டு நோட்டுகளில் எழுதி வைப்பார். ஆறு நோட்டு ஆகியிருந்தது. ஒருமுறைகூடப் போனதில்லை.

நோட்டோடு வந்து நின்றார். "அந்தப் பட்டினமும் கடல் பக்கத்துலதாங்க்கா இருக்கு."

"கல்லு மேல எல்லாம் என்னால ஏற முடியாது மாப்பிள்ளை."

"நீங்க ஏற வேணாம். நான் பாத்துக்கறேன்."

"அப்ப நாங்க என்ன பண்றது?" என்றாள் அக்கா.

பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கும் மகளும் வந்து சேர்ந்தாள். "அம்மா, பழைய செவுத்தைப் பாக்கறதுக்கு நான் வரலை. நீந்தறதுன்னா வரேன்."

மூன்று பேரும் சார்ட்டம்மாவைப் பார்த்தார்கள். திட்டம் போடுவது அவள் வேலைதானே என்பது போன்ற பார்வை. "சரி, பாதிக்குப் பாதி. அஞ்சு நாள்ல இரண்டரை நாள் கடல், இரண்டரை நாள் கல்" என்றாள். நூற்றுப் பன்னிரண்டு டிரைவர்களை மேய்ப்பவளுக்கு மூன்று பேரை மேய்ப்பதா பெரிய காரியம் என்று நினைத்தாள்.

மூன்று மாதம் அந்த மூன்று பேர் அவள் உயிரை எடுத்தார்கள்.

முதலில் அந்த இடிந்த பட்டினத்து அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் டிக்கெட் கொடுப்பவர்.

"செவ்வாய்க்கிழமை லீவுங்க."

"மத்த நாள்ல எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"ஆள் வந்ததும் திறப்போம்."

"ஆள் எத்தனை மணிக்கு வருவாரு?"

"அந்த ஆளே நான்தாங்க. ஏழரைக்கு வந்துருவேன். வண்டி கிடைக்கணும்."

கடற்கரையில் ஒரு விடுதிதான் தரைத்தளத்தில் அறை கொடுத்தது. அங்கிருந்து இடிந்த ஊருக்கு நடந்தால் மேட்டுப் பாதையில் இருபது நிமிஷம். அக்காவால் அது ஆகாது. வேன் ஒன்று உண்டு, ஒரு நாளைக்கு நாலே நடை. வேன் நேரத்தை வைத்துப் போட்டால் வெயில் இடித்தது. வெயிலை வைத்துப் போட்டால் அக்காவின் மாத்திரை நேரம் இடித்தது. எல்லாம் பொருந்தி வந்த அன்று மகளின் தேர்வுத் தேதியை மாற்றினார்கள். மறுபடி அழித்தாள். கணவர் நாளுக்கு ஒரு புது இடத்தைக் கொண்டுவந்தார். "அந்த வடிகால் மட்டும் ஒரு அரை மணி நேரம் பாத்துடலாம்" என்பார், ஏதோ கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவது போல.

கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே விதத்தில் தாளை எடுத்து, கோடு போட்டு, நாலு பெயருக்கும் டூட்டி எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"சனிக்கிழமை, ஏழு நாப்பதுலேர்ந்து பத்து பத்து வரைக்கும். இது என்ன?"

"நீங்க உங்க ஊரைப் பாக்கற நேரம்."

"இரண்டரை மணி நேரத்துல ஒரு ஊரைப் பாக்க முடியுமாம்மா? ஆயிரம் வருஷத்துக்கு மேல இருந்த ஊரு."

"திங்கக்கிழமை இன்னும் ரெண்டு நடை போட்டிருக்கேன், கீழ பாருங்க."

அக்கா நாற்காலியிலிருந்தபடியே எட்டிப் பார்த்தாள். "எனக்கு நேரா என்னடி, 'ஓய்வு'ன்னு எழுதியிருக்கே? டிரைவருக்கு எழுதற மாதிரி."

"உக்காந்திருந்தா போதும்னு நீதானே சொன்னே."

"உக்காரணும்னு சொன்னேன். உக்கார வைக்கணும்னு சொல்லலை."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ரப்பரைத் தேடினாள்.

கிளை மேலாளர் லீவு கொடுத்ததே பெரிய பாடு. அவள் இடத்தில் உட்கார, உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவரைப் போட்டார். ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருந்த அந்தக் கிடங்குக்காரர், நட்டு போல்ட்டை எண்ணியே பழகியவர், மனுஷர்களைக் கண்டால் மிரள்வார். அவருக்காக ஐந்து நாள் சார்ட்டையும் முன்கூட்டியே எழுதி, யாரை யாரோடு சேர்க்கக் கூடாது என்று நாலு பக்கம் குறிப்பும் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் கையெழுத்துப் போடும்போது, "நிம்மதியா போய்ட்டு வாங்க. போனை மட்டும் அணைச்சுடாதீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் போய்ச் சேர்ந்தார்கள். கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தது. அலை ஆளுயரத்துக்கு எழும்பி விழுந்துகொண்டிருந்தது. ரெண்டு நாளாக இப்படித்தான் என்றாள் விடுதிக்காரம்மா. சார்ட்டம்மா எழுதிய முதல் டூட்டியே ரத்து. மகள் நீச்சலுடையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையும் கொடி இறங்கவில்லை. அறையில் தனியாக உட்காரப் பிடிக்காமல் அக்காவும் வேனில் ஏறிக்கொண்டாள். இடிந்த ஊரின் வாசலில் டிக்கெட் கொடுக்கும் தகரக் கொட்டகை ஒன்று. அதன் பெஞ்சில் அக்காவை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார்கள். கணவர் நுழைந்ததுமே மாறிப்போனார். இருபது வருஷமாகக் குடியிருந்த தெருவில் நடப்பது போல, "இப்படி வா, இது கிழக்குத் தெரு, இங்க திரும்பினா கிடங்கு" என்று முன்னால் போய்க்கொண்டே இருந்தார். மகளுக்குக் கொட்டாவி. சார்ட்டம்மாவுக்குக் கண் கடிகாரத்தில்.

பத்து மணிக்குத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. பத்தே காலுக்கு வேன். அதை விட்டால் ஒன்றரைக்குத்தான். தெருத் தெருவாகத் தேடினாள். முட்டளவு சுவர்கள்தான், ஒளிய இடமே இல்லை, ஆனாலும் மனிதர் அகப்படவில்லை. உயரத்திலிருந்து பார்க்கலாம் என்று காவல் கோபுரத்தில் ஏறினாள். உடைந்த படிகள், ஐம்பத்து மூன்று. மேலே போய் மூச்சு வாங்கி நின்ற நேரத்தில் கைப்பையில் இருந்த போன் உயிர்பெற்றது. விடுதியில் சிக்னல் கிடையாது, கடற்கரையிலும் கிடையாது, கோபுரத்து உச்சியில் இருந்தது. பதினாலு அழைப்புகள் தவறியிருந்தன.

"மேடம், நான்தான் மேடம்" என்றார் கிடங்குக்காரர். "ஒருத்தர் உடம்பு சரியில்லைன்னு வரலை. அவர் இடத்துல இன்னொருத்தரைப் போட்டேன். அவருக்கு ஒன்பது மணி நேர ஓய்வு முடியலையாம். அவரை எடுத்துட்டு வேற ஒருத்தரைப் போட்டேன். இப்ப சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில நிக்கறாங்க. வண்டி நகரலை."

அவள் அங்கேயே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, சார்ட்டைப் பார்க்காமலே ஒவ்வொரு நம்பராகச் சொல்லிச் சரி செய்தாள். நாற்பது நிமிஷம். அவசரத்துக்கு விடுதி நம்பரையும் கொடுத்தாள். கீழே வேன் கிளம்பிப் போவது தெரிந்தது. கணவர் ஒரு குழிக்குள்ளிருந்து எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொள்வதும் தெரிந்தது. வடிகாலுக்குள் இறங்கி, காலடியால் அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

அக்கா தகரக் கொட்டகையில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் வெந்தாள். ஒன்றரைக்கு வேன் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "மாப்பிள்ளை, அந்தச் சாக்கடையில என்ன கிடைச்சுது?" என்று மட்டும் கேட்டாள். அவர் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டு சரிவு, கணக்கு எல்லாம் விளக்க ஆரம்பித்தார். அத்தோடு அவர்கள் இருவருக்கும் பேச்சு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கொடி மாறியது. கடல் அடங்கிப் பளபளவென்று கிடந்தது. அன்று முழு நாளும் கடலுக்கு என்று அவள் எழுதியிருந்தாள். தடியை ஊன்றி அக்கா மணலில் இறங்க, மகள் தண்ணீரைப் பார்த்து ஓட, கணவர் நோட்டும் கையுமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார, அவளும் செருப்பைக் கழற்றினாள். விடுதிக்காரம்மா மேலேயிருந்து கையசைத்தாள். "டிப்போவுலேர்ந்து போன் வந்தது. உடனே பேசணுமாம். இந்த போன்ல வர்றதை எடுக்கத்தான் முடியும், இங்கேர்ந்து கூப்பிட முடியாது."

செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டுப் பாதையில் நடந்தாள். ஐம்பத்து மூன்று படி ஏறினாள். பேசினாள். இறங்கி வந்தால் விடுதி வாசலிலேயே இன்னொரு போன் வந்துபோன சேதி. மறுபடி ஏறினாள். இரண்டாம் முறை டிக்கெட்காரர், "போன் பேசவா? போங்க, டிக்கெட் வேணாம்" என்றார். அந்த இரக்கம் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பாதி வழி இறங்குவதற்குள் மேலேயே விட்டுவந்த கண்ணாடி ஞாபகம் வந்தது. எடுக்கப் போனால் கைப்பை மறுபடி அதிர்ந்தது.

"மேடம், நாளைக்கு நாலாம் நம்பர் வண்டிக்கு யாரைப் போடறது?"

"குறிப்புல ரெண்டாம் பக்கம் எழுதியிருக்கே."

"பாத்தேன் மேடம். இருந்தாலும் நீங்க ஒரு வார்த்தை சொன்னா தைரியமா இருக்கும்."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். தூரத்தில், கடற்கரை வளையும் முனையில், தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. காலையில் அலையடித்த இடத்தில் கறுப்பாகப் படிகள் தெரிந்தன. அகலமான எட்டுக் கல் படிகள், கடலுக்குள் இறங்கிப் போயின. ஒரு படியில் அக்கா காலை நீட்டித் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு படி கீழே கணவர் முழங்கால் ஆழத்தில் நின்று, கையை வீசி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். மகள் கடைசிப் படியிலிருந்து குதிப்பதும் ஏறுவதுமாக இருந்தாள். அக்கா சிரிப்பது அங்கிருந்தே தெரிந்தது. தோள் குலுங்கச் சிரிப்பாள், அது அவள் சிரிப்பு.

"மேடம்? இருக்கீங்களா?"

"நீங்களே யாரையாவது போடுங்க" என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

படியிலும் பாதையிலும் தட்டுத்தடுமாறி ஓடினாள். அவள் முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூவரும் ஈரத் துணியோடு மணலில் வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் கடல் ஏறி, மேல்படி ஒன்று மட்டும் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போயிற்று.

"துறைமுகப் படித்துறைம்மா" என்றார் கணவர். கண் கலங்கியிருந்தது. "அழிஞ்சுபோச்சுன்னு எழுதி வெச்சிருந்தேன். தண்ணி இறங்கினா தெரியுது."

"மணல்ல நேரா போயிட்டேன்டி, ஒரு மேடில்லை, பள்ளமில்லை" என்றாள் அக்கா. "மாப்பிள்ளைதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு."

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று மாதம் வேனும் வெயிலும் மாத்திரையும் வைத்து அழித்து அழித்து எழுதியதெல்லாம் கண்முன் வந்தது. கடலும் கல்லும் வேறு வேறு இடம் என்று வைத்துக்கொண்டல்லவா தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

"என்னை ஒருத்தராவது கூப்பிட்டிருக்கலாம்ல?"

"எப்படிம்மா கூப்பிடறது? போன் கிடைக்காதே" என்றாள் மகள்.

"நீ மேல பேசிக்கிட்டிருந்தே" என்றார் கணவர். "வேலை நேரத்துல தொந்தரவு பண்ண வேணாம்னு..."

"வேலை நேரமா?" மணலில் உட்கார்ந்து அழுதாள். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். மடக்க முடியாத காலோடு உட்காரவும் முடியாமல், தடியை ஊன்றிக்கொண்டு தங்கையின் தலையில் கையை வைத்தபடி நின்றாள். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

விடுதிக்குத் திரும்பியதும் விடுதிக்காரம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "இப்படி ஒரு இடம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எத்தனை தடவை போன் பண்ணிக் கேட்டேன்?"

"பீச்சுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டீங்க, சொன்னேன். இடிஞ்ச ஊருக்கு வேன் எப்பன்னு கேட்டீங்க, சொன்னேன். படித்துறையைப் பத்தி யாரும் கேக்கலையேம்மா. அதுவும் மாசத்துல நாலு நாள்தான் தண்ணி அவ்வளவு தூரம் போகும்."

"நாளைக்குப் போகுமா?"

"போகும். இன்னிக்கு விட முக்கால் மணி நேரம் தள்ளிப் போகும்."

அவளுக்கு இது பழக்கமான பாஷை. இன்றைக்குப் பத்து மணி என்றால் நாளைக்குப் பத்தே முக்கால். செவ்வாய்க்கிழமை பதினொன்றரை, ஆனால் செவ்வாய் எட்டு மணிக்கே ஊருக்கு வண்டி. இருந்தது ஒரே நாள்.

திங்கட்கிழமை காலை போனை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து பிய்த்து எடுத்துவந்த சார்ட்டில் அன்றைய தேதிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. மூவரும் கிளம்பித் தயாராக நின்றார்கள்.

"யாரும் வர வேணாம்" என்றாள். "பதினொன்றரை வரைக்கும் என் பக்கத்துல யாரும் வரக் கூடாது. சாப்பிடுங்க, தூங்குங்க, சண்டை போடுங்க, எதுவோ பண்ணுங்க."

"டிப்போவுலேர்ந்து கூப்பிட்டா என்ன சொல்றது?" என்று கேட்டார் கணவர்.

"நான் எங்கயோ போயிருக்கேன்னு சொல்லுங்க."

படிகள் மேலெழுந்து கறுப்பாக, பாசி வழுக்க, நின்றன. நான்காம் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. இப்போது பத்து நாற்பது வண்டி கிளம்பியிருக்கும், கிளம்பியிருக்காது, எண்பத்தேழாம் நம்பருக்கு இன்று ஆஸ்பத்திரி நாள், பார்த்துப் போட்டிருப்பாரா என்று மனம் பலகையையே சுற்றியது. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இதற்காகவா வந்தேன் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

கையை ஊன்றிய இடத்தில் கல் வழவழவென்று குழிந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். கயிறு தேய்ந்த தடம். அதே போல் பக்கத்தில் இன்னொன்று, தள்ளி இன்னொன்று. படகுகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். எத்தனை படகு வந்திருக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் எதை எந்தப் படியில் கட்டுவது என்று யார் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாள். ஒருத்தர் இருந்திருப்பார். இந்தப் படியில் நின்று எல்லோரிடமும் வசவு வாங்கியிருப்பார். கணவருடைய ஆறு நோட்டிலும் அந்த ஆளைப் பற்றி ஒரு வரி இருக்காது. அந்த நினைப்பில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு டிப்போ ஞாபகம் வரவில்லை. தண்ணீர் முழங்காலைத் தொட்டபோதுதான் எழுந்தாள்.

ஊர் திரும்பிய மறுநாள் மேசையில் மெமோ காத்திருந்தது. திங்கட்கிழமை பத்தொன்பது நடை ஓடவில்லை. பயணிகள் டிப்போ வாசலில் கூடிக் கத்தியிருக்கிறார்கள். கிடங்குக்காரர் சார்ட்டைப் பலகையில் ஒட்டிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். தொடர்பில் இல்லாததற்கு விளக்கம் கேட்டிருந்தார் மேலாளர். அவள் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவைக் கடன் வாங்கி, "விடுப்பில் இருந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு போன் எடுத்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதே" என்றார் மேலாளர்.

"இன்னொரு ஆளுக்கு வேலை தெரிஞ்சிருந்தாலும் ஆகியிருக்காது சார். பத்து வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் எச்சரிக்கை. ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே வழித்தடம் தெரிந்த இரண்டு பேரை அவள் அறைக்கு அனுப்பிவைத்தார்கள், கற்றுக்கொள்ள. அறையில் மூன்று நாற்காலி கொள்ளவில்லை. அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு இப்போதும் அவள் எரிந்துதான் விழுகிறாள்.

படித்துறையை முதலில் பார்த்தது யார் என்று கணவருக்கும் அக்காவுக்கும் இன்றுவரை தீரவில்லை. இருவரும் சேர்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்கிறார்கள், ஒருவர் நிறுத்தினால் மற்றவர் எடுக்கிறார். கேட்டவர்கள் அவள் பக்கம் திரும்பி, உங்களுக்கு எப்படி இருந்தது என்று விசாரிப்பார்கள்.

"அஞ்சு நாள் போனோம். எனக்கு முக்கால் மணி நேரம் கிடைச்சுது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள்.